போர்ஷனில் இல்லாத பறவைகள்

எங்கள் கல்லூரி திறப்பதும் சாரல் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடக்கும். மேலகரத்தில் பஸ் ஏறும்போது சுள்ளென்று வெயில் அடிக்கும். குற்றாலத்தில் இறங்கினால் தாவணி ஈரமாகிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குக் குடை ஒரு பொருட்டே இல்லை. பிடித்திருப்பவளையும் சேர்த்துத் திருப்பிவிடும். சீசன் நாளில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. தலையோடு கால் எண்ணெய் தேய்த்துக்கொண்ட வெளியூர் ஆட்கள், ஈரத் துண்டு, அவர்கள் நடுவே நோட்டுகளை வயிற்றோடு அணைத்தபடி நாங்கள். முதல் வருஷ நோட்டுகள் எல்லாம் ஆடி மாதத்துக்குள் அப்பம் மாதிரி உப்பிப் போயிருக்கும்.

1985இல் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தேன். திருக்குற்றாலநாதர் கோயிலின் சார்பில் 1964இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. "சாமி உண்டியல்ல கால்குலஸ் படிக்கிறவ நாம மட்டும்தான்டி" என்று என் தோழி ஒருத்தி சொல்லிக்கொண்டிருப்பாள்.

படிப்பு மூன்று பகுதி. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜரும் ஆன்சிலரியும். எனக்கு ஆன்சிலரி இயற்பியலும் புள்ளியியலும். முதல் இரண்டு வருஷம் தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு. விருப்பம், விருப்பமின்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேலைக்கு மனுப் போட்டாலும் எம்.எஸ்சி.க்கு மனுப் போட்டாலும் பார்ட் த்ரீ எத்தனை சதவீதம் என்றுதான் கேட்பார்கள். தமிழில் தொண்ணூறு வாங்கினாலும் நாற்பது வாங்கினாலும் ஒன்றுதான். பாஸானால் போதும்.

அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதே அந்த வரியில் நின்றுவிட்டார். "தமிழா? அதான் வீட்டுல பேசுதோமே. அதுக்கு எதுக்குட்டி காலேஜுக்குப் போணும்?"

அப்பா கிராமக் கர்ணமாக இருந்தவர். எங்கள் பக்கத்தில் கணக்குப்பிள்ளை என்பார்கள். அவருடைய அப்பாவும் அதே, தாத்தாவும் அதே. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றில் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. அது சரியான முடிவு என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒரு குடும்பம் ஊரின் கணக்கையே தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருப்பது நல்லதல்ல. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. அடங்கல், சிட்டா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்த அப்பா, அதற்குப் பிறகு வாசல் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. என்னைக் கணிதத்தில் சேர்த்ததுகூட, கணக்கு இந்த வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்ற வைராக்கியத்தில்தான் என்று அம்மா சொல்வாள்.

தமிழ் வகுப்பு பெரிய அறையில் நடக்கும். கணிதம், தாவரவியல், வரலாறு என்று மூன்று மேஜர் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். மற்ற நேரமெல்லாம் அவரவர் டிபார்ட்மெண்டில் அவரவர் கூட்டம். பாட்டனி பிள்ளைகளை நான் பார்த்துப் பேசியதே இந்த அறையில்தான். அவர்கள் கையில் எப்போதும் ஏதாவது இலை இருக்கும்.

தமிழ் மிஸ் நாஞ்சில் நாட்டுக்காரர். குள்ளம், பெரிய குரல். முதல் நாளே கேட்டார்: "மேலகரத்துல இருந்து யாரும் வாறீங்களா?"

நான் எழுந்து நின்றேன்.

"உங்க ஊர்க் கவிராயர் யாரு?"

யோசித்தேன். "எங்க ஊர்ல ரைஸ் மில்லுதான் இருக்கு மிஸ். கவிராயர்னு யாரும் இல்ல."

வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. மிஸ் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'திரிகூடராசப்பக் கவிராயர், மேலகரம்' என்று எழுதி, ஊர்ப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். எங்களுக்கு வைத்திருந்த பாடம் அவருடைய குற்றாலக் குறவஞ்சி. அந்த ஊரில் பதினேழு வருஷம் குடியிருந்துவிட்டு, இப்படி ஒருவர் இருந்ததை குற்றாலத்துக்கு பஸ் பிடித்துப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆர்வம் என்று சொன்னால் பொய். குற்றாலநாதர் உலா வருகிறார், பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்த்து மயங்குகிறாள், குறத்தி சிங்கி வந்து மலைவளம் சொல்லிக் குறி பார்க்கிறாள். மலைவளம் நடக்கும்போது பாட்டனி பிள்ளைகள்தான் ராணிகள். பாட்டில் ஒரு மரப் பெயர் வந்தால் மிஸ் அந்தப் பக்கம் பார்ப்பார். செண்பகாதேவி அருவிக்குப் போகிற வழியில் நிற்கிறதே அது, இலை இப்படி, பூ இந்த மாதம் என்று அவர்கள் சொல்வார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதே மலையில் செடி சேகரித்ததையும், ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள் அவருக்குப் படம் எழுதிக் கொடுத்ததையும் ஒரு தாவரவியல் மாணவியின் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். தமிழ் வகுப்பில். அவளுடைய ஆசிரியை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கணிதத் துறைப் படிக்கட்டில் அந்தப் பேச்சு ஏறி வந்திருக்கவே வழியில்லை.

எங்களுக்கு வைத்த பகுதி மலைவளம், குறி சொல்லுதலோடு முடிந்துவிட்டது. சிங்கியைத் தேடி அவள் புருஷன் சிங்கன் வலையோடு வருகிற இடம் போர்ஷனில் இல்லை. மிஸ் புத்தகத்தை மூடிவிட்டு, "பரீட்சைக்கு இவ்வளவுதான். ஆனா சிங்கன் பறவை பிடிக்கிற இடத்தை வாசிக்காம குறவஞ்சியை மூடி வச்சிராதீங்க பிள்ளைகளா" என்றார். போர்ஷனில் இல்லாததை வாசிக்கச் சொல்ல எந்த மேஜர் ஆசிரியைக்கும் அன்றைக்குத் துணிச்சல் கிடையாது, நேரமும் கிடையாது. தமிழ் மிஸ்ஸுக்கு இரண்டும் இருந்தன. மார்க்கை யாரும் பொருட்படுத்தாத பாடம் என்பதால் வந்த சுதந்திரம் அது என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது. அதே சுதந்திரத்தில் வகுப்புக்கே ஒழுங்காக வராத ஆசிரியர்கள் வாய்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

தென்காசியில் உரையோடு ஒரு முழுப் பதிப்பு வாங்கினேன். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிருந்தது. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பறவைகள் எங்கெங்கே மேய்கின்றன என்று சிங்கன் அடுக்கிக்கொண்டு போகிற இடம். குளம், வயல், பற்று என்று பெயர் பெயராக வரும். எனக்கு அது கவிதையாகவே படவில்லை, வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆயிரப்பேரி, தென்காசி, சுரண்டை என்று ஏதோ வாயில் வந்தபோது, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா திரும்பினார்.

"திருப்பி வாசி."

வாசித்தேன்.

"அதுக்கு முன்ன ஒரு குளம் சொன்னியே."

அதையும் வாசித்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது நஞ்சை. மேலமடை வழியாப் பாயும். அடுத்தது?" அடுத்த பெயருக்கு, "அது கோயில் கட்டளை நிலம்லா." அதற்கடுத்ததற்கு, "இது இப்ப அந்தப் பேருல இல்ல. பழைய பத்திரத்துல கிடக்கும்." நான் பெயர் சொல்ல, அவர் இடம் சொல்ல, அரிக்கேனில் மண்ணெண்ணெய் தீரும் மட்டும் அது நடந்தது. விடிந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து, ஐந்து வருஷமாகத் தொடாத சிவப்பு நீலப் பென்சிலை எடுத்துச் சீவினார். என் புத்தகத்தின் ஓரத்தில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கர்ணக் கையெழுத்தில் கிராமமும் சர்வே நம்பரும் எழுத ஆரம்பித்தார். ஒரு வாரம் ஆனது. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டார். அவர் கேள்விக்குறி போட்டு நான் பார்த்ததே இல்லை.

முடித்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் தந்தபோது சொன்னார்: "இவனைப் போய் கவிராயர்ங்கியளே. இவன் நல்ல கணக்குப்பிள்ளைட்டி."

கவிராயருக்கு மதுரை நாயக்கர் விசயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்த கதையை மிஸ் சொல்லியிருந்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். அப்பாவிடம் சொன்னேன். "தெரியுமே. பத்திரத்துல அப்படித்தான வரும். யாரோ குறவங்க குடியிருந்த மேடு போலன்னு நெனச்சிட்டேன்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "ஒரு பாட்டுக்கா குடுத்தான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்தது வியப்பா, அரசாங்க நிலம் வீணாய்ப் போனதே என்ற கர்ணத்தின் ஆதங்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கணக்குப் பிள்ளைகளுக்கென்று தனியாக வேலை வைத்தார். கல்வெட்டில் வரும் சக ஆண்டோடு 78 கூட்டு, கொல்லம் ஆண்டோடு 825 கூட்டு. அப்பாவின் பெட்டியிலிருந்த பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை, மூன்றாம் வகுப்புக் கூட்டல். ஆனால் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டும்போது தாத்தாவுக்குத் தாத்தா எழுந்து வந்து நிற்பார்.

அந்த வருஷமே எங்களைத் தென்காசி காசிவிசுவநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சக 1368, அதாவது 1446இல் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோயில். நான் பிறந்தது முதல் பார்த்ததெல்லாம் இரண்டாகப் பிளந்து நின்ற மொட்டைக் கோபுரத்தைத்தான். வாசலில் எந்நேரமும் முகத்தில் அறைகிற காற்று; எங்கள் பேச்சு பாதிக்கு மேல் காற்றோடு போனது. அங்கே பராக்கிரம பாண்டியன் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கும் வேண்டுகோளை மிஸ் எடுத்துச் சொன்னார். பின்னால் எந்தக் காலத்திலாவது இந்தக் கோயிலுக்கு ஒரு சேதம் வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்கிறார் அரசர். நாங்கள் கழுத்தை அண்ணாந்து பிளவைப் பார்த்தோம். திருப்பணி பற்றிய பேச்சும் வேலையும் ஊரில் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான்கு வருஷம் கழித்து, 1990இல், ஏறக்குறைய 180 அடி உயரத்துக்குப் புதுக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. கூட்டத்தில் நின்ற எத்தனை பேருக்கு ஒரு பாண்டியன் தங்கள் காலில் முன்கூட்டியே விழுந்துவிட்டது தெரிந்திருக்கும் என்று அன்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொன்னேன். "ராஜா கால்ல விழலாமாட்டி, நமக்குப் பாவம்லா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரசிகமணி டி.கே.சி.யைப் பற்றியும் மிஸ் நிறையப் பேசுவார். வக்கீலுக்குப் படித்தவர், கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே தங்கி, 1954இல் இங்கேயே மறைந்தவர். கல்கியும் ராஜாஜியும் அவரைத் தேடி வந்த ஊர் இது. கம்பன் பாட்டுகளில் இது இடைச்செருகல், இது கம்பன் கை இல்லை என்று தம் ரசனையை வைத்தே தள்ளி ஒரு பதிப்புப் போட்டார். பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். மிஸ்ஸும் பண்டிதர்கள் கட்சிதான். "சட்டம் படிச்ச மனுஷர் சாட்சி இல்லாமத் தீர்ப்புச் சொல்லலாமா?" என்பார். சொல்லிவிட்டு அரைமணி நேரம் டி.கே.சி. பாட்டு வாசிக்கிற அழகைச் சொல்வார்.

இத்தனையும் எழுதிவிட்டு, என் மாமா மகனைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமில்லை. வேறு ஊரில் ஒரு கல்லூரியில் அவனும் கணிதம்தான். என்னைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரன். பார்ட் த்ரீயில் முதல் வகுப்பு. பார்ட் டூ ஆங்கிலத்தில் அரியர். ஷேக்ஸ்பியர் ஒரு பேப்பர், நான்-டீடெய்ல் ஒரு பேப்பர். தமிழ் மீடியத்தில் கிராமத்துப் பள்ளியில் படித்து வந்தவனுக்கு நோட்ஸை மனப்பாடம் பண்ணுவது ஒன்றே வழி. மனப்பாடம் செய்தது பரீட்சையில் வரவில்லை. திரும்பத் திரும்ப எழுதினான். ஒவ்வொரு தடவையும் இரண்டு மார்க், ஐந்து மார்க். டிகிரி கைக்கு வரவில்லை. வேலைக்கு வயதும் தாண்டியது. செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதப் போனான். மரத்தின் சுற்றளவையும் நீளத்தையும் சொன்னால் கன அடியை வாயாலேயே சொல்லுவான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நான் இந்தக் குறவஞ்சிக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இலையைப் பார்த்தபடியே கேட்டான்: "உனக்குக் குறவஞ்சி கெடச்சுது. எனக்கு என்ன கெடச்சுது?"

பதில் சொல்லாமல் ரசம் ஊற்றிக்கொண்டேன். இப்போதும் பதில் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் வேண்டும் என்கிற கட்டாயம் வேறு, அதில் தோற்றவனுக்கு மற்றதும் கிடையாது என்கிற கட்டாயம் வேறு. முதலாவதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இரண்டாவதைத்தான் யாராவது யோசித்திருக்க வேண்டும். 1948இல் அமைந்த ராதாகிருஷ்ணன் கமிஷன் அறிக்கையில் பொதுக்கல்வியைப் பற்றியும் பேச்சு உண்டு. விஞ்ஞானம் படிப்பவன் இலக்கியமும், இலக்கியம் படிப்பவன் விஞ்ஞானமும் அறியாமல் பட்டம் வாங்கக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மகப்பேறு மருத்துவர் லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் கமிஷனில் ஓர் உறுப்பினர். நல்ல மனிதர்கள், நல்ல கவலை. அந்தக் கவலை ஒரு கேள்வித்தாளாகி மாமா மகனின் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது என்ன உருவத்தில் இருந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

நான் வங்கிக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல். குறவஞ்சி எனக்கு வேலையில் உதவியதா என்றால், ஒரே ஒரு தடவை. நகைக்கடன் கவுண்டரில் ஒரு கிழவி துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து வைத்தாள். புதிதாகச் சேர்ந்த பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னது மேடம்?" என்றான். சிங்கியின் காலில் கிடக்கிறதைப் பார்த்து சிங்கன் இது என்ன, அது என்ன என்று சந்தேகத்தோடு கேட்பானே, அந்த இடம் சட்டென்று நினைவுக்கு வந்தது. "தண்டை" என்றேன். கிழவிக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அது வெள்ளி. வெள்ளிக்கு அப்போது நாங்கள் கடன் கொடுப்பதில்லை. பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

தம்பி மகள் இன்ஜினியரிங் சேர்ந்தது 2022இல். அந்த ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகம் முதல் பருவத்தில் 'தமிழர் மரபு', இரண்டாம் பருவத்தில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக இரண்டு பாடங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட். அவள் போனில் காட்டிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். ஒரு பருவத்துக்கு மொத்தம் 15 மணி நேரம், அலகுக்கு மூன்று. சங்க இலக்கியத்திலிருந்து பாரதியார், பாரதிதாசன் வரைக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட வேண்டும். எங்கள் சீசன் பஸ்கூட அவ்வளவு கூட்டத்தை ஏற்றியதில்லை. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைக்கும் சிவில் பிள்ளைக்கும் பொதுவாகப் பேச ஏதோ ஒன்று இருக்கிறது.

"அத்தை, இது ஒன் கிரெடிட்தான். யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் பருவப் பாடத்தில் ஏரி, குளம், மதகு வருகிறது என்று அவளே அடுத்த லீவில் சொன்னபோது, அப்பாவின் பென்சில் எழுத்து ஓடும் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. சிவப்பும் நீலமும் வெளிறி ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட்டன. அவள் கவிதையைப் பார்க்கவில்லை. நேராகக் கேள்விக்குறிக்குப் போனாள். "இந்தக் குளம் எங்க இருக்குன்னு தாத்தாவுக்கே தெரியலையா?"

மறுநாள் அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவள் கையில் சாட்டிலைட் வரைபடம், என் கையில் குறவஞ்சி. நாலு பேரிடம் கேட்டோம். இரண்டு பேருக்குத் தெரியவில்லை, ஒருவர் வேறு குளத்தைக் காட்டினார், இன்னொருவர் எந்த டிபார்ட்மெண்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். கடைசியில் ரோட்டோரம் ஒரு டீக்கடை. பின்னால் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் போட்டிருந்தார்கள். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே எங்களையும் புத்தகத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கன ஒரு குளம் இருந்துதா அண்ணாச்சி?"

"இருந்துதாவா?" என்றார். "ஐப்பசியில வாங்க. இந்த பெஞ்சி இங்க இருக்காது."

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வேண்டாம், பென்சிலால் எழுது என்றேன்.